மூன்று பிரதிகள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். கோதண்டமாகிய நான், என் மனைவி கனகம், எங்கள் ஒரே மகள் சுபஸ்ரீ, மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தென்காசிப் பெண் பாண்டிச்செல்வி.

வேறு யாராவது தாங்களும் இருந்ததாகச் சொன்னால் அது உண்மையல்ல.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சுபஸ்ரீக்கும் பாண்டிச்செல்விக்கும் ஓவர்டைம் இல்லாத நாள். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன்.

சுபஸ்ரீ வாங்கி வந்த பிரிண்டர் மேசைமேல் இருந்தது. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வயர் கிடையாது. வைஃபையிலேயே அச்சாகும் என்றாள்.

அவளுடைய திருமணப் பத்திரிகையின் மாதிரியை வாலாஜாபாத் அச்சகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பிழை பார்த்துச் சொல்லிவிட வேண்டும். நான் திரையில் பிழை பார்ப்பதில்லை. தாளில்தான் பார்ப்பேன்.

எனக்குமுன் யாரும் அதைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். யார் யார் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்று அச்சகத்துக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அதனால் சுபஸ்ரீ ஒரு வாரமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சித்தப்பா பேரு போட்டீங்களா இல்லியாப்பா?”

“அச்சானதும் பாத்துக்கோ.”

சித்தப்பா என்றால் என் தம்பி தணிகாசலம். பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர்.

ஏழு வருடத்துக்கு முன் அவன் தன் மகள் பத்திரிகையில் என் பெயரை அவனுடைய மச்சான் பெயருக்குக் கீழே போட்டான். நான் அந்தத் திருமணத்துக்குப் போகவில்லை. அதன்பின் எங்களுக்குள் பேச்சும் இல்லை.

சித்தப்பா வராவிட்டால் மணவறையில் தனக்குச் சிரிப்பே வராது என்று சுபஸ்ரீ தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் அண்ணன் போய்த் தம்பி வாசலில் நிற்பது கிடையாது. ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவதும் கிடையாது.

பிரிண்டர் லேசில் சேரவில்லை. வைஃபையின் பெயரைக் கேட்டது. பாஸ்வேர்டைக் கேட்டது. மறுபடியும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரைக்கூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை.

கடைசியில் நீல விளக்கு நின்று எரிந்தது. சுபஸ்ரீ அதற்கு என் பெயரையே வைத்தாள்.

பாண்டிச்செல்வி திரைக்குக் கிட்டே குனிந்தாள். “ஐயா, இங்கன ரெண்டு பிரிண்டருல்லா காட்டுது. கோதண்டம்னு ஒண்ணு, தணிகைன்னு ஒண்ணு.”

நான் சுபஸ்ரீயைப் பார்த்தேன். “அவன் மெஷினு நம்ம நெட்டுல இன்னா பண்ணுது?”

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். “சித்தி கேட்டாங்க. பாஸ்வேர்டு குடுத்தேன்.”

“எத்தினி நாளா?”

“மூணு வருசமா.”

“அப்பிடி ஒண்ணும் ஸ்லோவா இல்லியே. எனக்கு சீரியலு நல்லாத்தான் ஓடுது” என்றாள் கனகம்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

இதைப் பிறகு பேசலாம் என்றேன். பத்திரிகையை நானே அச்சடிக்கிறேன், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்றேன். நின்றார்கள். எங்கே எதை அழுத்த வேண்டும் என்பதை சுபஸ்ரீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

அழுத்தினேன்.

மேசைமேல் இருந்த பிரிண்டர் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன்.

“கம்பெனில லேபிள் மெஷினு மக்கர் பண்ணா, பொடதில ஒண்ணு போடுவோம்லா” என்று பாண்டிச்செல்வி அதன் முதுகில் தட்டினாள். பயனில்லை.

மூன்றாம் முறையும் அழுத்தினேன். அச்சாகிவிட்டது என்றது திரை. தாள் வரவில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கர்ர், கர்ர் என்று சத்தம் வந்தது.

சுபஸ்ரீ ஓடிவந்து திரையைப் பார்த்தாள். “ஐயோ அப்பா, அங்க போவுது.” நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள்.

“போனது போச்சு, வுடு” என்றேன்.

கனகம் புடவைத் தலைப்பால் பிரிண்டரைத் துடைத்தாள். அதில் தூசியே இல்லை.

பத்து நிமிடம் போயிருக்கும். தணிகாசலம் எங்கள் வாசலில் வந்து நின்றான். கையில் மூன்று தாள்கள், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கிட்டத்தில் பார்க்கும்போது முடி நன்றாக நரைத்திருந்தது.

“அண்ணா” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். “எம் பேர்ல நடுவுல ‘ச்’ வராது. தணிகாச்சலம்னு போட்டு கீது.”

வாங்கிப் பார்த்தேன். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே முதல் பெயர் அவனுடையதுதான். மூன்று தாளிலும் தனித்தனியாகத் திருத்தியிருந்தான்.

“மத்ததெல்லாம் சரியா கீதா?”

“கீது.”

“அப்ப உள்ள வா. ராகு காலத்துக்கு முன்ன அச்சகத்துக்குச் சொல்லணும்.”

வந்தான். சுபஸ்ரீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. கனகம் காபி போடப் போனாள்.

இப்போது எங்கள் தெருவிலும் கூட்டு ரோட்டு டீக்கடையிலும் ஒரு பேச்சு நடக்கிறது. கோதண்டத்துக்குக் கண் மங்கிவிட்டது, எழுத்து தெரியாமல் தன்னுடையது என்று நினைத்துத் தம்பி பிரிண்டரை அழுத்திவிட்டார், இல்லாவிட்டால் அந்த இரண்டு வீடும் எங்கே சேர்ந்திருக்கப்போகிறது என்கிறார்கள்.

அது தவறு. நான் கண்ணாடி போட்டிருந்தேன்.