நாற்பத்திரண்டாவது மூஞ்சூறு

மூஞ்சூறு எலி இல்லை. போன வருஷம் இதை மறந்து, பஞ்சு அடைத்த ஒரு மூஞ்சூறை எலி டிராயரில் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் அருங்காட்சியகத்தில் எனக்கு "எலி" என்றே பெயர்.

இந்த வருஷக் கணக்கெடுப்பில் மூஞ்சூறு டிராயரைத் திறந்தேன். எறும்புகூட நுழையாத டிராயர், ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பதிவேட்டில் நாற்பத்தொன்று. மூன்று முறை எண்ணினேன். நாற்பத்திரண்டு.

"எலி, மறுபடியும் உன் வேலையைக் காட்டிட்டியா?" பதிவேடு எழுதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ அக்கா, கூடுதலா இருக்கற இதோட பல்லைப் பாருங்க. எலின்னா முன்பல் உளி மாதிரி இருக்கும். இது அசல் மூஞ்சூறு."

அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். என் மானம் தப்பியது.

ஆனால் அதன் காலில் எண் சீட்டு இல்லை. மற்றதெல்லாம் பஞ்சு அடைத்துத் தைத்தவை, இதன் வயிற்றில் தையலே இல்லை. சின்னக் குட்டி. வாயோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அக்கா விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"பால்டா."

"அப்ப பாலூட்டிதான். இருக்கற இடம் சரிதான்," என்றேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பதிவேட்டில் நாற்பத்திரண்டு என்று திருத்தினார். குட்டிக்குப் பக்கத்தில் இருந்தது நூறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சு அடைத்த பெண் மூஞ்சூறு. அதன் வயிறு ஈரமாக இருந்தது. அக்கா குட்டியை இன்னும் கொஞ்சம் அதனோடு ஒட்டி வைத்து, டிராயரைச் சத்தம் வராமல் மூடினார்.