தானாக வந்த தாள்

இன்றைக்குப் பார்த்து நீலம் உடுத்தி வந்திருக்க வேண்டாம்.

அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

யாரும் எதையும் பிரிண்ட் கொடுக்கவில்லை. மூலையில் கிடந்த பிரிண்டர் தானாகக் கனைத்துக்கொண்டு ஒரு தாளைத் துப்பியிருந்தது. கணக்காளர் அதை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

“நீலம் உனக்கு எடுக்காதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பூனை?”

எல்லா மேஜையிலும் சிரிப்பு.

“பிரிண்டருக்கும் காதல் வந்துடுச்சுய்யா. யாருப்பா அந்தப் பூனை? கையைத் தூக்குங்க” என்றார் அவரே.

அவள் துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அதுவும் நீலம்தான்.

மேனேஜர் தன் அறையிலிருந்து தலையை நீட்டினார். “வைரஸா இருக்கும். ரெண்டு தட்டு தட்டுங்க, அடங்கிடும்.”

வேலைக்குச் சேர்ந்த வாரமே அவரிடம் சொல்லியிருந்தாள். பிரிண்டரிலும் கேமராவிலும் வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டே இருக்கிறது, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், மாற்றிவிடுங்கள் சார் என்று. “நம்ம ஆபீஸை எவன்மா எட்டிப் பார்க்கப்போறான்?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இன்னொரு முறை சொன்னால் இதில் உனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கிளறுவார். அவளுக்குக் கல்யாணமானதே இங்கே யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் அவளுக்குப் புருஷன் சொல்லித் தெரிந்தது. கம்பெனிகளின் நெட்வொர்க்கில் எங்கே ஓட்டை என்று தேடிச் சொல்வதுதான் அவன் தொழில். “சர்வருக்கு மூணு பூட்டு போடுவானுங்க. பிரிண்டரை மறந்துடுவானுங்க” என்று சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பான். ஊர் ஊராகத் திறந்து கிடக்கும் கேமராக்களுக்குள் புகுந்து வேடிக்கை பார்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு.

வீட்டுச் சமையலறையிலும் ஒரு கேமரா வைத்திருந்தான். மதியம் அவன் போன் வரும், “பூனை” என்று. அடுப்பை அணைத்துவிட்டு, நிமிர்ந்து, அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிப்பு அவனுக்குத் திருப்தியாக இல்லையென்றால் ராத்திரி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அங்கிருந்துதான் ஒற்றைப் பையோடு கிளம்பி வந்தாள். ஊரை மாற்றினாள். நம்பரை மாற்றினாள். பெற்ற அம்மாவிடம்கூட முகவரி சொல்லவில்லை.

பிரிண்டர் மறுபடி கனைத்தது.

இந்த முறை அவள் முந்திக்கொண்டாள். தாள் இன்னும் சூடாக இருந்தது.

‘யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. மேலே பார்த்து ஒரே ஒரு தடவை சிரி. விட்டுடறேன்.’

கூரை மூலையில் இருந்த கேமராவில் சிவப்பாக ஒரு புள்ளி.

கன்னத்துச் சதை தானாகவே இழுபட்டது. பழகிய சதை. ஒரு சிரிப்புதானே, கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. அவனுடைய குரல் இல்லை, அவளுடையதுதான்.

“என்னம்மா, இப்போ என்ன எழுதியிருக்காராம் மாப்பிள்ளை?” என்றார் கணக்காளர். மறுபடி சிரிப்பு கிளம்பியது.

அவள் நிமிர்ந்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

சிரிக்கவில்லை.

அதிலிருந்து கண்ணை எடுக்காமலே தாளைக் கணக்காளர் பக்கம் நீட்டினாள்.

“பூனை நான்தான் சார்.”