ரெஜிஸ் எறியாத பந்து

கூடைப்பந்து மைதானத்துச் சுவரில் மூன்று பழைய வீரர்களின் படங்கள் இருந்தன. நான்காவதாக இப்போது ஆடும் ரெஜிஸின் படத்தையும் வரையலாமா என்று ஊரே விவாதித்தது. இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்களாம்.

கூடை வளையத்துக்கு அவன்மேல் நம்பிக்கையே இல்லை. “முப்பது புள்ளி எடுப்பான், தம்பி. ஆட்டம் இறுகினால் ஆளைக் காணாது,” என்றது பந்திடம்.

இறுதி ஆட்டத்தில் ரெஜிஸின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மூன்றே நொடி மிச்சம். பந்து ரெஜிஸிடம் வந்தது. இருவர் பாய்ந்து மறித்தார்கள். அவன் எறியாமல், தனியாக நின்ற சக வீரனுக்குத் தள்ளினான். அந்த வீரன் எறிந்த பந்து விளிம்பில் மூன்று முறை சுற்றி உள்ளே விழுந்தது. மைதானமே துள்ளியது.

“பார்த்தாயா? பயந்துபோய் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டான்,” என்றது வளையம்.

“பயமா? அவன் கை ஆடவே இல்லை, அண்ணே.”

“நீ அவனுக்கு வேண்டியவன். அப்படித்தான் சொல்வாய்.”

“சரி. நான் உங்கள் விளிம்பில் சுற்றியபோது வெடவெடவென்று நடுங்கியது யார், அண்ணே?”

வளையத்தின் நடுக்கம் இன்னும் நின்றபாடில்லை.