இன்றைய தூரம்

கடலுக்குப் போன பிரசாந்தன் திரும்பாமல் எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவன் பாதியில் விட்டிருந்த வேலையைத் தங்கை தேனுகா முடித்தாள். அவனுடைய அமெச்சூர் வானொலிக் கருவியை வீட்டுக் கணினியோடு வயரால் இணைத்தாள். இனி யார் எங்கிருந்து அழைத்தாலும் அவருக்கே உரிய அழைப்புக்குறி, தூரம், திசை எல்லாம் திரையில் விழும்.

முதல் நாள் மாலையே அண்ணனின் அழைப்புக்குறி விழுந்தது. கடல் பக்கம், இருநூற்றுப் பத்துக் கிலோமீற்றர். வீட்டிலிருந்த இந்த ஒன்றைத் தவிர அவனிடம் வேறு கருவி இருந்ததில்லை.

மறுநாள் நூற்று நாற்பது. பிறகு அறுபத்திரண்டு. அவனுக்கான ஈமக்கிரியையான அந்தியேட்டிக்கு நாள் குறித்துக் கொடுத்த ஐயருக்கு, வேண்டாமென்று அம்மா சொல்லியனுப்பினாள்.

"இண்டைக்கு எவ்வளவு பிள்ளை?"

"பதினொண்டு, அம்மா."

"கரைக்குக் கிட்ட வந்திட்டான். கடலுக்கை கிடந்து வாறவனுக்கு மீனே வைக்கிறது? முட்டை பொரிக்கிறன்."

அடுத்த மாலை மூன்று. இருவரும் விடியும்வரை விழித்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

அதற்கடுத்த மாலை ஒன்பது. திசை மாறியிருந்தது. கடல் பக்கம் அல்ல, வீட்டைத் தாண்டி உள்நாட்டில், மாங்குளப் பக்கம். பிறகு இருபத்தேழு. இன்று எண்பத்தெட்டு.

"எவ்வளவெண்டு சொல்லன் பிள்ளை?" குசினிக்குள் சமைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

தேனுகா திரையை அணைத்தாள்.

"ரெண்டு, அம்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், வாசல் படலையை அகலத் திறந்து வைத்தாள்.