கொல்லைக் கதவின் கீல்

மூன்று வருடமாகக் கெஞ்சியும் அசையாத ராசப்பன், இன்று காலை தானாகவே விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து மனைவியின் தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டிருந்தான்.

“என்ன திடீர்னு?” என்றாள் வேதவல்லி.

“துரு ஏறுதுல்ல,” என்றுவிட்டு அவன் சீட்டியடித்தான்.

அவள் பழந்துணியை மிஷினில் விட்டு, எண்ணெய்க் கறை படிவது நிற்கும்வரை ஓட்டினாள். நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் என்னவோ உறுத்தியது. எழுந்துபோய், தினமும் தான் குறைசொல்லும் வாசல் கதவைத் தள்ளினாள். வழக்கம்போல அலறியது. ராத்திரி யார் திறந்தாலும் காட்டிக்கொடுக்கும் கொல்லைக் கதவைத் தள்ளினாள். அது மூச்சுகூட விடாமல் திறந்துகொண்டது.

பழந்துணியில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, பளபளத்த கீலை அழுத்தித் துடைத்தாள். கதவை மெல்ல ஆட்டினாள். ‘கிரீச்’ என்றது.

கூடத்தில் சீட்டி நின்றது.