போயிட்டு வரேன்

எங்கள் அலுவலகத்தில் ஒரே சர்வருக்குள் ஒன்பது மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. வி.எம். என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பத்தின் பெயர் வைத்தவர் நெடுமாறன் அண்ணன். மாலையில் ஒன்பதையும் நிறுத்தும் ஸ்கிரிப்ட்டும் அவர் எழுதியதுதான். அது முடிந்ததும் திரையில் "போயிட்டு வரேன்" என்று வரும்.

நான் கிளம்பும்போது "போறேன்ணே" என்றால் அவருக்குப் பிடிக்காது. "அப்படிச் சொல்லக் கூடாது சங்கவி" என்பார். கடைசி நாளும் "போயிட்டு வரேன்" என்றுதான் கிளம்பினார். பிள்ளைச்சாவடி அருகே விபத்து.

காரியம் முடிந்த மறுநாள், அவருடைய வி.எம். குருசுக்குப்பத்தை அழித்தேன். பட்டியலில் எட்டு இருந்தது.

அடுத்த நாள் காலை பட்டியலில் மறுபடி ஒன்பது இருந்தது.

"பேக்கப்புலேர்ந்து எடுத்தீங்களாக்கா?" என்று பக்கத்து சீட் ஜெயம் அக்காவிடம் கேட்டேன்.

"பேக்கப்பையும் நீதானடி அழிச்ச?"

மறுபடி அழித்தேன். மறுநாள் காலை மறுபடி ஒன்பது.

அன்று மாலை ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். கடைசி வரியை மட்டும் "போறேன்" என்று மாற்றி ஓட்டினேன். மற்ற எட்டும் ஒவ்வொன்றாக நின்றன. குருசுக்குப்பம் மட்டும் நிற்கவில்லை. திரையில் கடைசி வரி வரக் கொஞ்சம் நேரமானது.

"அப்படிச் சொல்லக் கூடாது சங்கவி."