குரூப்பில் வந்த நாலு வரி

“இன்னா டீச்சரம்மா, நீங்க போய் இம்மாந்தூரம் வந்துகினு! சொல்லி அனுப்பிச்சா நானே ஸ்கூலாண்ட வந்திருப்பேனே!”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டார் வீராசாமி. கிருஷ்ணப்பிரியா உட்காரவில்லை. கரையான்சாவடி மெயின் ரோட்டில் இந்த வண்டியைத் தேடி வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை விட்டுவிட்டு, முதலில் பெண்ணைப் பற்றித்தான் கேட்டாள்.

“மதிவதனி நாலு நாளா வரலையே?”

“வயித்து நோவுன்னுது. டாக்டராண்ட போலாம் வான்னா, ஸ்கூலே இனி வேணாம், உன்கூட வண்டியில நிக்கறேன்னுது. தோ, குந்திகினு கீது பாருங்க.”

வண்டிக்குப் பின்னால், துணி மூட்டைகளுக்கு நடுவே, அவருடைய மகள் தலை நிமிராமல் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் என்றால் எப்போதும் அவள்தான் முதல்.

வயிற்று வலியெல்லாம் இல்லை என்பது கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரியும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது பள்ளியின் கட்டளை. போன வாரம் யாரோ ஒரு வீராசாமி அதில் நாலு வரி எழுதியிருந்தார். பள்ளிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பிள்ளைகள் தாகத்தோடு வீடு திரும்புகிறார்கள் என்று. முற்றுப்புள்ளி கிடையாது, பெரிய எழுத்து கிடையாது, ஒருமைக்கும் பன்மைக்கும் சண்டை. கிருஷ்ணப்பிரியா அதைச் சிவப்பில் திருத்தி, ‘பதினோரு தப்பு’ என்று குரூப்பிலேயே போட்டாள். சிரிக்கிற பொம்மைகள் வந்து குவிந்தன. தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். திங்கட்கிழமை அதே நாலு வரியைக் கரும்பலகையில் எழுதி, திருத்தச் சொல்லி மதிவதனியைக் கூப்பிட்டாள். சாக்பீஸும் கையுமாக அந்தப் பெண் அசையாமல் நின்றாள்.

“இதுகூடத் தெரியலையா உனக்கு?” என்று ஓர் அதட்டல். வகுப்பே சிரித்தது.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. விலாசம் தேடி அட்மிஷன் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அப்பா பெயர் வீராசாமி என்று கண்ணில் பட்டது. பள்ளி விட்டதும் நேராக இங்கே புறப்பட்டு வந்துவிட்டாள் கிருஷ்ணப்பிரியா.

“சார், குரூப்ல உங்க மெசேஜை நான் அப்படித் திருத்திப் போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

வீராசாமி வாய்விட்டுச் சிரித்தார். “நல்லா கேட்டீங்க போங்க, மன்னிப்பு! எத்தினி சிரிச்ச மூஞ்சி வந்துச்சி தெரியுமா? அல்லாருக்கும் புட்சிப்போச்சின்னு, துணி குடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டிகினு கீறேன்!”

அவளுக்குச் சுருக்கென்றது. “கீழே நான் எழுதினதை நீங்க படிக்கலையா?”

“நான் எங்க படிக்க? தமிழே எழுத்துக் கூட்ட வராது எனுக்கு. நான் வாயால சொன்னேன், மதி தட்டிச்சி. இருங்க, டீ வாங்கியாறேன்.”

பதிலுக்குக் காத்திராமல் அவர் ரோட்டைக் கடந்து போனார். கிருஷ்ணப்பிரியா மூட்டைகளுக்கு நடுவே போய், மதிவதனி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“நீயா எழுதின மதி?”

தலை மட்டும் ஆடியது.

“ஒரு கமா விட மாட்டியே நீ. உனக்கு எப்படிப் பதினோரு தப்பு வந்துச்சு?”

“பன்னெண்டு, மிஸ். ஒண்ணை நீங்க பாக்கலை.”

அப்போதும் அவள் நிமிரவில்லை. மடியில் கிடந்த யாரோ ஒருவருடைய சட்டைக் காலரை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

“தப்பில்லாம எழுதினா நான்தான்னு கண்டுபிடிச்சிடுவீங்க. எங்க நைனாவுக்கும் இங்கிலீஷ் எழுத வரும்னு எல்லாரும் நெனைக்கட்டும்னு, ஒவ்வொரு தப்பையும் யோசிச்சி யோசிச்சிப் போட்டேன், மிஸ்.”